ஸர்ப்பகந்தி வேர்

சுதேச வைத்தியத்தின் பெருமைக்கு ஸர்ப்பகந்தி வேரினும் சிறந்த சாக்ஷி வேண்டுவதில்லை. உன்மத்தத்துக்கும் நித்திரையின்மைக்கும் நமது வைத்தியர்கள் அதனை நெடுங்காலமாக வழங்கிவந்தனர். பீஹார் ஜனங்கள் அதற்குப் பைத்திய மருந்தென்றே பெயரிட்டனர்.

1931ம் வருஷத்தில் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத ஸென்னும் கார்த்திக சந்திர போஸும் அவ்வேர் சித்தபிரமையைத் தணிப்பதோடு ரத்தக் கொதிப்பையும் குறைக்கின்றதென வெளியிட்டனர். அவ்வருஷமே டில்லி திப்பியாக் கலாசாலையில் ஸலீமுஸ்ஸமான் ஸித்திகி அதிலிருந்து பிரித்தெடுத்த சத்து ஒன்றுக்கு, ஹக்கீம் அஜ்மல் கானின் ஞாபகார்த்தமாக அஜ்மலின் என்று பெயர் சூட்டப்பட்டது. 1921ல் காங்கிரஸ் மகாசபைக்கு அக்கிராசனம் வகித்த பெரியார் அவர். 1949ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் தமது அனுபவத்தை ஆங்கில வைத்தியப் பத்திரிகையில் எழுதிய பின்னரே மேல்நாட்டார் கண் திறந்தனர். 1952ல் ஸ்விட்ஜர்லாந்தின் ஸீபா கம்பெனியார் ரெஸர்பின் என்னும் சத்தைப் பிரித்தெடுத்தனர்.

இவை யாவும் நாம் பெருமை கொள்ளத்தக்கவையே. ஆயினும் வரலாற்றின் பிற்பகுதியை மறைப்பது தேசபக்தியாகாது. ரெஸர்பின் உண்டவரிற் சிலர் கடுமையான மனச்சோர்வுக்கு ஆளாயினர். மூக்கடைப்பும் இரைப்பைப் புண்ணும் நாடித் தளர்ச்சியும் வேறு சிலருக்கு உண்டாயின. அபாயம் குறைந்த மருந்துகள் வந்தபின் அது பின்தள்ளப்பட்டது.

வேர்தானே, இயற்கையானதுதானே, தீங்கு என்ன செய்யும் என்பாருளர். ரத்தக் கொதிப்பைத் தாழ்த்தும் வல்லமையுள்ள பொருளுக்குத் தீங்கு செய்யும் வல்லமையும் உண்டன்றோ? ரெஸர்பின் கால் மில்லிகிராமே ஒரு நாளைக்குப் போதிய அளவு. மாத்திரையில் அவ்வளவு நிர்ணயமாகியிருக்கிறது. கடையில் வாங்கும் வேர்ப்பொடியிலோ மண்ணுக்கும் பருவத்துக்கும் தக்கபடி சத்து கூடும், குறையும். டாக்டர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடியை நம்புகிறவரும், இரண்டையும் சேர்த்து விழுங்குகிறவரும் தம் உயிரைப் பணயம் வைக்கின்றனர்.

ஆகவே நாம் வற்புறுத்துவது இதுவே: இவ்வேரை விற்போர் சத்தின் அளவைப் பரிசோதித்துப் பொட்டலத்தின்மேல் அச்சிடல் வேண்டும், உண்போர் கற்றறிந்த வைத்தியரின் மேற்பார்வையிலேயே உண்ணல் வேண்டும், மனச்சோர்வுடையாரும் இரைப்பைப் புண்ணுடையாரும் கர்ப்பிணிகளும் அதனைத் தீண்டலாகாது. அஜ்மல் கான் நமது மூலிகைகளைப் புகழ்ந்ததோடு நில்லாமல், அவற்றைப் பரிசோதனைச்சாலைக்கும் அனுப்பினார். சுதேசியம் என்பது அதுவே.