எதிர்க்காற்றும் எட்டுத் தடமும்

ஆடிக் காற்று மும்பையிலும் அடிக்கும், கடல் உப்போடு. போன ஞாயிறு காலை வொர்லி கடலோரச் சாலையில் பையனும் நானும் சைக்கிள் மிதித்தோம். தெற்கே போகும்போது எதிர்க்காற்று. "வண்டி நகரவே மாட்டேங்குதுப்பா!" "குனிஞ்சு மிதிடா!" திரும்பும்போது அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. பையனுக்கு ஒரே சிரிப்பு.

எதிரே பாந்த்ரா-வொர்லி கடல் பாலம். "அதுல போலாமாப்பா?" போக முடியாதே! 2009-ல் திறந்த பாலம், நீளம் 5.6 கிலோமீட்டர், எட்டுத் தடம். சைக்கிளுக்கு அனுமதியே கிடையாது. கார்களின் வேகத்துக்கும் கடல் காற்றுக்கும் நடுவே ஆபத்து என்பார்கள். நியாயம்தான். ஆனால் ஆபத்து என்றால் தடுப்பு வைத்துத் தனிப்பாதை போட்டிருக்க வேண்டாமா? கட்டும்போதே சைக்கிள்காரன் யார் நினைவிலும் இல்லை என்பதுதான் என் வருத்தம்.

நாமெல்லாம் ஊரில் குரங்குப் பெடல் போட்டுப் பழகி, பள்ளிக்கூடத்துக்கே சைக்கிளில் போனவர்கள். நம் பிள்ளைகளுக்கு அது ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு மட்டும். பாலம் கட்டுகிறவர்கள் அடுத்த முறையாவது ஒரு ஓரம் ஒதுக்கட்டும். எதிர்க்காற்றை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.