ஏரியைக் காப்பதற்கு யார் விலை கொடுப்பது?

கலிபோர்னியாவில் நீண்டகாலமாக வாழ்ந்துவரும் பல்கலைக்கழக நண்பர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் பேசினார். ஓய்வுக்காலத்தைக் கழிப்பதற்காக டாஹோ ஏரியை அண்டிய ஊரொன்றில் காணி வாங்கியிருக்கிறார். உறுதி அவரது பெயரில் இருக்கிறது. ஆனால், தான் விரும்பும் அளவில் வீடு கட்டுவதானால் வேறொரு காணிச் சொந்தக்காரரிடமிருந்து சில நூறு சதுர அடி 'மூடுபரப்பு உரிமை'யை அவர் விலைக்கு வாங்கவேண்டுமாம்.

"காணியும் என்னுடையது, காசும் என்னுடையது. நீ பத்திரிகைக்காரன், சொல்லு பார்ப்பம். இது சட்டம் போட்டு வாங்கிற இலஞ்சம் இல்லையா?" என்று அவர் கேட்டார்.

உறுதி கையில் இருந்தால் காணியும் அதிலுள்ள சகலமும் தமதே என்ற எண்ணத்தில் வளர்ந்தவர்கள் நாம். வேலி ஓரத்து ஒரு முழ நிலத்துக்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடிய சமூகம் எமது சமூகம். காணியில் இருந்து கட்டடம் கட்டும் உரிமையை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்து விற்கலாம் என்பது நண்பருக்கு விசித்திரமாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால், இலஞ்சம் என்ற அவரது முடிவை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

டாஹோ ஏரி கலிபோர்னியாவுக்கும் நெவாடாவுக்கும் இடையில், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,900 மீற்றர் உயரத்தில், 500 மீற்றர் ஆழத்துடன் கிடக்கிறது. வெள்ளைத் தட்டு ஒன்றை நீரில் இறக்கி, அது எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்ப்பதே அதன் தெளிவை அளக்கும் முறை. 1968 ஆம் ஆண்டில் தட்டு சராசரியாக சுமார் 31 மீற்றர் வரை தெரிந்தது. 2017 இல் 18 மீற்றருக்கு அப்பால் தெரியவில்லை. பனிச்சறுக்கு விளையாட்டுக்கும் சூதாட்ட விடுதிகளுக்கும் கூட்டம் பெருகியபோது கரையோரமெங்கும் வீடுகளும் வீதிகளும் முளைத்தன. மண்ணுக்குள் ஊறி வடிந்திருக்க வேண்டிய மழைநீர், கூரைகளிலும் தார் வீதிகளிலும் விழுந்து, நுண்ணிய மண்துகள்களை அள்ளிக்கொண்டு ஏரியில் கலந்தது. கடந்த இரு தசாப்தங்களில் பழைய வேகத்திலான சரிவு தணிந்திருக்கிறது என்றாலும் 1960களின் தெளிவு திரும்பவில்லை.

இரு மாநிலங்களும் 1969 இல் செய்துகொண்ட உடன்படிக்கையின் மூலம் உருவான டாஹோ பிராந்தியத் திட்டமிடல் முகவரகம் நிலத்தைத் தரம் பிரித்தது. உறுதியான நிலமென்றால் 30 சதவீதம் வரை கட்டடத்தாலும் தளத்தாலும் மூடலாம். ஓடையோர ஈரநிலமென்றால் ஒரு சதவீதம் மட்டுமே. புதிய வீடுகளுக்கான அனுமதிகளும் ஆண்டுதோறும் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மட்டுப்படுத்தப்பட்டன. ஈரநிலத்துக் காணிக்காரர் தன்னால் பயன்படுத்த முடியாத உரிமைகளை உறுதியான நிலத்தில் கட்டுபவருக்கு விற்கலாம் என்றும் விதிக்கப்பட்டது. இவையே மாற்றத்தக்க அபிவிருத்தி உரிமைகள் எனப்படுகின்றன.

எனவே, நண்பர் கொடுக்கும் பணம் அதிகாரியின் சட்டைப்பைக்குள் போவதில்லை. ஏரிக்காகத் தனது காணியை வெறுமையாக விட நிர்ப்பந்திக்கப்பட்ட ஒருவருக்கே அது போகிறது. கட்டுகிறவர் கட்டமுடியாதவருக்குக் கொடுக்கும் ஈடு அது. இதில் ஒரு நியாயம் இருக்கிறது.

ஆனால், விற்கும் பக்கத்தில் நின்று பார்த்தால் காட்சி மாறுகிறது. நெவாடாப் பகுதியில் ஒரு தம்பதியர் 1972 இல் காணி வாங்கினர். கணவன் இறந்த பின்னர் 1989 இல் வீடு கட்ட அனுமதி கேட்ட மனைவியிடம், அது ஓடையோர ஈரநிலம், அங்கு எதையும் கட்டமுடியாது என்று கூறப்பட்டது. பதிலாக அவருக்குக் கிடைக்கக்கூடியதாக இருந்தவை விற்கத்தக்க சில உரிமைகள். அவற்றில் மூடுபரப்பு உரிமை வெறும் 183 சதுர அடி! அவர் வழக்குத் தொடுத்தார். முதலில் உரிமைகளை விற்றுப் பாருங்கள், பிறகு வாருங்கள் என்று கீழ் நீதிமன்றங்கள் திருப்பி அனுப்பின. விற்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, வழக்கை விசாரிக்கலாம் என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 1997 இல் தீர்ப்பளித்தது. அந்த உரிமைகள் காணியின் பெறுமதியில் ஒரு பகுதியா, அல்லது பறிக்கப்பட்டதற்கான இழப்பீடா என்ற அடிப்படைக் கேள்விக்கு நீதிமன்றம் பதில் கூறவில்லை. அவற்றை இழப்பீட்டுக் கணக்கிலேயே சேர்க்கவேண்டும் என்று நீதியரசர் ஸ்காலியாவும் வேறு இருவரும் தனியாக எழுதினர்.

ஸ்காலியாவின் பல கருத்துக்களுடன் எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனால், இந்த விடயத்தில் அவர் சொன்னதே சரி. ஒருவரது வீட்டுக் கனவை எடுத்துக்கொண்டு கையில் ஒரு கடதாசியைக் கொடுத்துவிட்டு, 'உங்களிடம் இன்னமும் சொத்து இருக்கிறதே' என்று அரசு வாதிடுவது முறையாகாது. அந்தக் கடதாசியின் விலையைச் சந்தையே தீர்மானிக்கிறது. வாங்குபவர் வசதி படைத்தவர். அவரால் காத்திருக்க முடியும். விற்பவர் தள்ளாத வயதினராக இருக்கலாம். அவரால் காத்திருக்க முடியாது.

அப்படியானால் ஏரியைக் கைவிடுவதா? இல்லை. ஏரி எல்லோருக்கும் உரியது என்றால் அதைக் காக்கும் செலவும் எல்லோருக்கும் உரியதாக இருக்கவேண்டும். அதற்கு முன்னுதாரணமும் அங்கேயே இருக்கிறது. லாஸ் வேகாஸ் நகரைச் சுற்றியுள்ள அரச நிலத்தை விற்ற பணத்தில் டாஹோவின் பாதிக்கப்படக்கூடிய காணிகளை வாங்குவதற்கு 1980 இல் அமெரிக்க காங்கிரஸ் சட்டம் இயற்றியது. கலிபோர்னியாவும் பொதுப்பணத்தில் காணிகளை வாங்கி, உரிமைகளை வாங்கி விற்கும் வங்கி ஒன்றையும் நடத்துகிறது. நாட்டின் மறுகரையிலுள்ள நியூ ஜேர்சியிலும் பைன்லாண்ட்ஸ் காட்டுப் பகுதியின் உரிமைகளுக்காக 1985 இல் சட்டம் இயற்றி அரச வங்கி ஒன்றை நிறுவினார்கள். கொள்வனவு செய்ய ஒருவர் எப்போதும் இருக்கிறார் என்ற உத்தரவாதம் இருந்தால்தான் உரிமை என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு.

ஆகவே, இத்தகைய திட்டத்தை வகுக்கும் எந்த அரசும், கட்டத் தடை விதிக்கும் அதே நாளில், அந்த உரிமையை நியாயமான குறைந்தபட்ச விலைக்குத் தானே வாங்கிக்கொள்ளும் கடப்பாட்டையும் ஏற்கவேண்டும் என்பதே எனது நிலைப்பாடு. தனியார் கூடுதலாகக் கொடுத்தால் காணிக்காரர் அவர்களுக்கு விற்கட்டும். எவரும் வராவிட்டால் அரசு வாங்கட்டும். அதற்குப் பணமில்லை என்று சொல்லும் அரசு, ஏரியைக் காக்கும் செலவை ஒரு சில சிறு காணிக்காரர்களின் தலையில் கட்டிவிட்டுப் பெயரைத் தான் எடுத்துக்கொள்கிறது.

நண்பரிடம் இதையெல்லாம் விளக்கி, இரண்டு விடயங்களைக் கவனிக்குமாறு கூறினேன். உரிமை எந்தக் காணியிலிருந்து வருகிறதோ அந்தக் காணியில் அந்த அளவுக்கு இனிக் கட்டமுடியாது என்பது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நீங்கள் கொடுக்கும் பணத்தால் ஏரிக்கு எந்த நன்மையும் இல்லை. அடுத்ததாக, தரகரின் பங்கு போக விற்றவரின் கைக்கு எவ்வளவு போகிறது என்று கேளுங்கள் என்றேன்.

முதலாவதைச் சட்டத்தரணி பார்த்துக்கொள்வார் என்றார். இரண்டாவதைத் தான் நினைத்தே பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். இந்தச் சந்தையில் வாங்க வருகிற பலரும் அப்படித்தான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். அதனால்தான் அந்தக் கேள்வியை அவர்களது மனச்சாட்சிக்கு விட்டுவிடாமல் சட்டமே கேட்கவேண்டும் என்கிறேன்.