ஹார்டு டிஸ்க்குக்கு எந்த ஃபார்மேட்?

கல்யாண வீடியோ, நிலப்பத்திர ஸ்கேன் எல்லாம் இப்ப ஹார்டு டிஸ்க்லதான் கிடக்குது. என்கிட்ட விண்டோஸ், மகன்கிட்ட மேக், ஊர்ப் பள்ளிக்கூடத்துல லினக்ஸ். மூணுக்கும் பொதுவா வேணும்னா எக்ஸ்ஃபேட் போடுங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

ஃபேட்32 எல்லாத்துலயும் ஓடும். ஆனா 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைலை ஏத்துக்காது. கல்யாண வீடியோ அதுல அடங்குமா? என்டிஎஃப்எஸ்ஸை மேக் படிக்கும், எழுத விடாது. எக்ஸ்ஃபேட் விவரத்தை மைக்ரோசாஃப்ட் 2019-ல வெளியிட்டதால, புது லினக்ஸ்லயும் சிக்கல் இல்லை.

ஒரு குறை உண்டு. ஃபைல் ஏறும்போது வெடுக்குன்னு பிடுங்கினா என்டிஎஃப்எஸ் ஓரளவு தாங்கும், இது தாங்காது. எஜெக்ட் கொடுத்துட்டே கழட்டுங்க.

ஃபார்மேட் போட்டா உள்ளே இருக்கறது அத்தனையும் போயிரும். முதல்ல வேற இடத்துல காப்பி எடுங்க. விதைநெல் மொத்தத்தையும் ஒரே குதிர்ல கொட்டி வைப்போமா?