யார் வீட்டை இடிப்பது?

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி எல்லாம் தாண்டிப் போனால் கிளாவரை. பூண்டும் உருளைக்கிழங்கும் விளைகிற ஊர். அதற்கப்பால் கேரள எல்லைக் காடு. இந்த மலைக்காடுகளைச் சர்க்கார் 2013ல் சரணாலயமாக அறிவித்தது. "சரணாலயத்துக்குள் பழைய கட்டிடம் எதற்கு? எல்லாவற்றையும் அகற்று!" என்று நகரத்துக் கனவான்கள் சிலர் உபதேசிக்கிறார்கள்.

காடு வேண்டாமென்றா நாம் சொல்கிறோம்? இல்லை, தோழர்களே! பழனி மலைச் சோலைகளில் ஊறும் தண்ணீர்தான் வைகைக்கும் அமராவதிக்கும் இறங்குகிறது. சோலை செத்தால் மதுரை மில் தொழிலாளி வீட்டுக் குடம் காயும். சமவெளியில் நாற்று நடுகிறவளின் கூலியும் போகும். காடு நம்முடையது.

ஆனால் காட்டை அழித்தது யார்? கூலிக்காரன் குடிசையா? தோல் பதனிடும் பட்டைக்காக வாட்டில் மரத்தையும், ஆலைக் கூழுக்காக யூகலிப்டஸையும் புல்வெளியெங்கும் நட்டது சர்க்காரின் வன இலாகா அல்லவா?

இடிப்பதிலும் வர்க்கம் இருக்கிறது. கொடைக்கானலில் விதியை மீறி எழுந்த ஹோட்டல் மாடிகளை இடிக்கச் சொல்ல, வழக்கு 1995ல் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. பாம்பார் சோலையோரத்தில் இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001ல் மூடப்பட்டது; பாதரசம் கலந்த மண்ணைச் சுத்தப்படுத்தும் வேலை அதற்குப்பின் 15 வருஷத்துக்கு மேல் இழுத்தடித்தது. பணக்காரன் கட்டிடத்துக்கு இத்தனை அவகாசம்!

மாஞ்சோலைக்கு என்ன கிடைத்தது? 1929ல் சிங்கம்பட்டி ஜமீன் 99 வருஷக் குத்தகைக்குப் பம்பாய் பர்மா கம்பெனியிடம் கொடுத்த காடு அது. காட்டை வெட்டித் தேயிலை நட்டு லாபம் எடுத்தது கம்பெனி. 2028ல் குத்தகை முடிகிறது. நிலம் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. 2024 ஜூனில் 'விருப்ப ஓய்வு' என்று கையெழுத்து வாங்கி, தலைமுறை தலைமுறையாக லயன் வீட்டில் வாழ்ந்தவர்களை மலையிறங்கச் சொன்னார்கள். இந்தத் தொழிலாளரின் கோரிக்கைக்காக 1999 ஜூலை 23ல் நெல்லையில் நடந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடியின்போது தாமிரபரணியில் 17 உயிர்கள் போயின. லாபம் கம்பெனிக்கு, தண்டனை லயன் வீட்டுக்கு! இதுவா இயற்கைப் பாதுகாப்பு?

ஒவ்வொரு கட்டிடத்தையும் பார்த்துக் கேளுங்கள்: கட்டியது யார்? வாழ்வது யார்? இடித்தால் அவர் போவது எங்கே? விதியை மீறிய விடுதியா, இடி. செலவை முதலாளியிடம் வாங்கு. நஞ்சு விட்டுச் சென்ற ஆலையா, கம்பெனி காசில் மண்ணைச் சுத்தமாக்கு. காட்டுத் தீயணைக்கப் போகிறவர் தங்கும் கூடமா, பழுது பார்த்து வை. உழைப்பாளியின் வீடா, கை வைக்காதே!

பளியருக்கும் மற்ற வனவாசிகளுக்கும் சட்டமே துணை நிற்கிறது. உரிமைக் கோரிக்கைகளை விசாரித்து முடிக்கும் வரை எவரையும் வெளியேற்றக் கூடாது என்கிறது 2006ம் வருஷத்திய வன உரிமைச் சட்டம். விசாரணையைத் தொடங்க வேண்டியது கிராம சபை. தோட்டத் தொழிலாளருக்கோ முதலில் மாற்று வீடு, நிலம், வேலை. அதற்குப் பின்தான் மற்றப் பேச்சு.

மில் தொழிலாளரே, விவசாயக் கூலிகளே! மலையில் இடிக்கப்படுவது உங்கள் சகோதரன் வீடு. கிராம சபையில் கேளுங்கள், சங்கத்தில் தீர்மானம் போடுங்கள். காட்டையும் காப்போம், காட்டில் உழைத்தவனையும் காப்போம்!