அடகு வைக்க முடியாத வீடு

தன்முனைப்புப் பேச்சாளர்களிடம் ஒரே கதைதான் இருக்கிறது. வறுமையில் வளர்ந்த பையன், பட்ட கஷ்டத்தாலேயே வெறி பிடித்து, ஒருநாள் முதலாளி ஆகிறான். சொல்லி முடித்ததும் நம் பக்கம் திரும்புவார்கள்: "ஆனந்த கிருஷ்ணன் பிரிக்பீல்ட்ஸ் பையன்தானே, உங்களால ஏன் முடியல?"

கேட்டதற்குப் பதில் சொல்லிவிடலாம். ஆனந்த கிருஷ்ணன் பிரிக்பீல்ட்ஸில் பிறந்தவர்தான், விவேகானந்தா தமிழ்ப்பள்ளியில் படித்தவர்தான். ஆனால் அப்பா அரசாங்க ஊழியர். பிறகு விக்டோரியா இன்ஸ்டிடியூஷன், கொழும்புத் திட்ட உபகாரச் சம்பளத்தில் மெல்பர்ன், 1964இல் ஹார்வர்டில் எம்.பி.ஏ. அவர் திறமையை நான் குறைக்கவில்லை. மாதச் சம்பளம் தவறாமல் வந்த வீட்டுப் பிள்ளையை வறுமைக்கு உதாரணம் ஆக்காதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

நான் கேரித் தீவுக்காரன். தோட்டத்துப் பிள்ளை பார்த்து வளர்வது வேறு. வீடு கம்பெனியுடையது, வேலை போனால் வீடும் போகும். பேங்கில் காட்ட ஒரு அடி நிலம் கிடையாது. கடன் என்றால் மளிகைக்கடைக் கணக்குப் புத்தகம், இல்லையென்றால் ஆலோங்.

இதற்கு மேல் மைக்கா. 1982இல் ம.இ.கா. தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸ், நம்மையும் முதலாளி ஆக்கும் என்று சொல்லித் திரட்டியது 10 கோடி வெள்ளிக்கும் மேல். நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கிய தோட்டத்துச் சனங்கள் உண்டு. ஒரு வெள்ளிப் பங்கை 80 காசுக்கு வாங்கிக்கொள்ள 2010இல் ஆள் வந்தபோது, அதுவே பெரிய விஷயமாகிவிட்டது. இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை 'அரசாங்க வேலை இருக்கா?' என்றுதான் கேட்கும். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாததற்குப் பெயர் மனப்பான்மைக் குறைபாடா?

ஆசை இல்லாமல் இல்லை. ஆடு மாடு வளர்த்ததும், விடியுமுன் பலகாரம் சுட்டு விற்றதும் வியாபாரம்தான். அதை யாரும் வியாபாரம் என்று சொன்னதில்லை, அவ்வளவே.

அடமானம் இல்லாமல் டெக்கூன் கடன் தருகிறதே என்பார்கள். சரி, கடை படுத்துவிட்டால்? பொறியியலில் ஒரு பாகம் பழுதானால் மொத்தமும் சரியாதபடிதான் வடிவமைப்போம். வசதியான வீட்டுப் பையன் தோற்றால் அப்பா வீட்டுக்குத் திரும்புகிறான். திரும்ப வீடே இல்லாதவனிடம் "துணிஞ்சு இறங்கு" என்று சொல்வது அறிவுரை இல்லை, அடுத்தவன் உயிரை வைத்து ஆடும் சூதாட்டம்.

அடுத்த முறை மேடை ஏறும்போது கதை வேண்டாம். தோட்டத்தை விட்டு வெளியேறும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்த வீடு கேளுங்கள். துணிச்சலை எங்கள் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.