இரு வல்லரசுகளிடையே ஒரு தளபதி

ஒப்பிலக்கணத்தால் கால்டுவெல்லைப் போற்றும் நம் மாணவர், 1881-இல் அவர் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தைத் தொட்டும் பாரார். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய காலத்தில் பொருநை நாட்டுப் பாளையக்காரர் எவரைச் சார்ந்தனர், எவரை எதிர்த்தனர் என்பதை அந்நூல் விரித்துரைக்கும். கும்பினித் தளபதியாய் நின்று நெற்கட்டுஞ்செவல் பூலித்தேவரை ஒடுக்கியவர் கான்சாகிபு எனப்பட்ட யூசுப்கான். பின்னர் அவரே மதுரையில் கும்பினியை எதிர்த்துப் பிரெஞ்சுக்காரர் துணையை நாடினார். ஆனால் 1763-இல் பாரிசில் அவ்விரு வல்லரசுகளும் சமாதான உடன்படிக்கை செய்துகொண்டன. யூசுப்கானைப் பற்றி அங்கே யார் நினைத்தார்? 1764 அக்டோபரில் தம்மவராலேயே பிடித்துக் கொடுக்கப்பட்டுத் தூக்கிலிடப்பட்டார்.

மேடையில் அவரை வீரர் என்போம். அல்லது துரோகி என்போம். இரண்டும் போதா. வலியோர் இருவரிடையே சிறியவர் எவ்வாறு நிலைப்பது என்பதே வினா. கால்டுவெல்லின் ஆங்கிலச் சார்பை விலக்கி, இவ்வினாவோடு படிக்கும் மாணவர் ஆய்வேட்டுக்குப் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை.