நாலு எழுத்து, எட்டு சத்தம்

அன்னூர் பக்கம் ஒரு விவசாயி வீட்டுப் பையன். மேழி எது, கொழு எது, நுகத்தடி எது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம் முடித்து, கோவையில் இன்ஜினியரிங் சேர்கிறான். முதல் செமஸ்டரில் ஒரு பாராவைச் சத்தமாக வாசிக்கச் சொல்கிறார்கள். அதில் 'உழுதல்' என்பதற்கான ஆங்கில வார்த்தை வருகிறது. பி, எல், ஓ, யு, ஜி, ஹெச். பையன் 'ப்ளஃப்' என்று வாசிக்கிறான். வகுப்பே சிரிக்கிறது. ஏர் பிடித்தே பார்க்காத கூட்டம், ஏர் பிடித்தவனைப் பார்த்துச் சிரிக்கிறது!

இப்படிப் பல பையன்கள் இருக்கிறார்கள், பல வகுப்புகளும் இருக்கின்றன. சிரிப்பவர்கள் ஒரு நிமிஷம் யோசிக்கட்டும். அவன் ஏன் அப்படி வாசித்தான்? ஸ்கூலில் அவனுக்கு 'ரஃப்' தெரியும், 'டஃப்' தெரியும், 'இனஃப்' தெரியும். மூன்றும் இதே ஓ, யு, ஜி, ஹெச்சில்தான் முடிகின்றன. மூன்று உதாரணம் பார்த்தான், ஒரு விதி கண்டுபிடித்தான், நாலாவதுக்குப் போட்டான். இதைத்தான் கணக்கு வாத்தியார் கேட்டால் புத்திசாலித்தனம் என்பார். இங்கிலீஷ் வகுப்பில் மட்டும் இது நகைச்சுவை.

அந்த நாலு எழுத்தின் யோக்கியதையைப் பாருங்கள். 'தோ' (இருந்தாலும்) என்பதில் அது ஓ. 'த்ரூ' (வழியாக) என்பதில் ஊ. 'டஃப்' என்றால் அஃப். இருமலுக்கு 'காஃப்', அதாவது ஆஃப். உழவுக்கு 'ப்ளவ்', மரக்கிளைக்கு 'பவ்', அதாவது அவ். பின்னால் ஒரு டி வந்து 'தாட்' (எண்ணம்) ஆனால் ஆ. 'முழுமையான' என்பதற்கான வார்த்தையை பிரிட்டிஷ்காரர் 'தர்ர' என்று முடிப்பார், அமெரிக்கர் 'தர்ரோ' என்பார். விக்கலை இந்த ஸ்பெல்லிங்கில் எழுதிவிட்டு 'ஹிக்கப்' என்று படிக்கிறார்கள், அது அப். ஆக எட்டு. இதில் ஏழைத் தப்பாகச் சொன்னாலும் அது பையன் குற்றமா?

குற்றவாளி வரலாறு. பழைய ஆங்கிலத்தில் அந்த ஜி, ஹெச்சுக்கு நிஜமாகவே ஒரு சத்தம் இருந்தது. தொண்டையிலிருந்து உரசி வரும் ஓசை. 'பகல்' என்று சொல்லும்போது நடுவில் வரும் 'க'வை இன்னும் கொஞ்சம் கரகரப்பாக்கினால் ஏறத்தாழ அதுதான். 1476ல் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தார். அதன்பின் ஸ்பெல்லிங் மெல்ல மெல்ல உறைந்துபோனது, வாய் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. சில வார்த்தைகளில் அந்தத் தொண்டை ஓசை செத்தது, சிலவற்றில் 'ஃப்' ஆனது. முன்னால் இருந்த உயிரெழுத்து ஓசைகளும் ஆளுக்கொரு திசையில் ஓடின. அமெரிக்கர்கள் உழவு விஷயத்திலாவது தைரியமாகக் கடைசி மூன்று எழுத்தை வெட்டிவிட்டு ஒரு டபிள்யூ போட்டுக்கொண்டார்கள். அதையே நம்ம ஊர்ப் பையன் பரீட்சையில் எழுதினால் சிவப்பு மை வாங்கும் வாய்ப்புதான் அதிகம்.

'தமிழிலும் ஒரே க-வுக்குப் பல சத்தம் இல்லையா' என்று யாராவது கிளம்புவார்கள். இருக்கிறது. பக்கம், பங்கு, பகல் என மூன்று விதம். ஆனால் இரட்டித்தால் ஒன்று, மெல்லினத்துக்குப் பின் ஒன்று, இரண்டு உயிருக்கு நடுவே ஒன்று என்று இடம் சொல்லிவிடும். ('காந்தி' மாதிரி வெளியிலிருந்து வந்த பெயர்களில் இது உதைக்கும், உண்மைதான்.) எந்த எழுத்து வாயில் எங்கே பிறக்கிறது என்று சொல்ல தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்று தனி இயலே இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் இங்கிலீஷை வாயே இல்லாமல் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதுதான் கொடுமை.

எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள்? 'டி ஹெச் ஆர் ஓ யு ஜி ஹெச்... த்ரூ' என்று ஐம்பது பேர் கோரஸ். பத்து தடவை இம்போசிஷன். முடிந்தது. நாமக்கல், ஈரோடு பக்கத்து ஹாஸ்டல் பள்ளிகளுக்கு பிராய்லர் பள்ளி என்று சும்மா பெயர் வரவில்லை. விடியலில் எழுப்பி, படி, எழுது, டெஸ்ட். மார்க் கொட்டும். பரீட்சைத் தாளுக்குக் காது கிடையாது, ஸ்பெல்லிங் சரியாக இருந்தால் போதும். 2012-13ல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் தொடங்கினார்கள். பாடப் புத்தகத்தின் மொழி மாறியது, கோரஸ் மாறவில்லை.

மூன்றாம் வருஷம் கேம்பஸ் இன்டர்வியூ வரும். அப்போதுதான் அதே பையனிடம் 'கம்யூனிகேஷன் சரியில்லை' என்பார்கள். முதல் வருஷச் சிரிப்புக்குப் பிறகு அவன் வாயைத் திறப்பதையே நிறுத்திவிட்டான் என்பது இன்டர்வியூ எடுப்பவருக்கு எப்படித் தெரியும்? சர்க்யூட் தெரியும், மோட்டார் ரீவைண்டிங் தெரியும், பேசமாட்டான். உடனே காந்திபுரத்தில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ். ஸ்கூலில் காசில்லாமல் செய்திருக்க வேண்டியதற்கு அப்பா ஃபீஸ் கட்டுவார்.

இதற்கு ஸ்மார்ட் போர்டு எதுவும் வேண்டாம். கரும்பலகையில் சத்தத்துக்கு ஒரு வரிசை போதும். ரஃப், டஃப், இனஃப் ஒரு வரிசை. காஃப், மாட்டுத் தொட்டிக்கான 'ட்ராஃப்' ஒரு வரிசை. ப்ளவ், பவ் ஒன்று. தோ, மாவுக்கான 'டோ' ஒன்று. தாட், பாட், ப்ராட் ஒன்று. த்ரூ பாவம், தனியாக நிற்கும். முதலில் டீச்சர் வாயால் சொல்லட்டும், பிள்ளைகள் காதால் கேட்கட்டும், ஸ்பெல்லிங் அப்புறம் வரட்டும். பத்து நிமிஷ வேலை.

அதற்குள் யாராவது மறுபடி சிரித்தால், எஸ், எல், ஓ, யு, ஜி, ஹெச் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழிதிக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். 'ஸ்லவ்' என்றால், அது லண்டன் பக்கத்து ஊர், பாம்பு சட்டை உரிப்பது 'ஸ்லஃப்' ஆச்சுங்களே என்று கேளுங்கள். 'ஸ்லஃப்' என்றால் அந்த ஊரைக் கேளுங்கள் :-)